நாற்பத்து மூன்றாவது காசு

ஒரு காசைச் சுத்தம் செய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று கமலாக்ஷி மாமி கேட்டாள். ஒரு வாரம் என்றேன். அது பொய். பத்து நிமிஷம் போதும்; விடாப்பிடியான அழுக்கு என்றால் ஒரு மணி நேரம். கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் முப்பத்தோரு வருஷம் குப்பி கழுவியவனுக்கு இது தெரியாமல் இல்லை.

திட்டம் போட்டுச் சொன்ன பொய்யும் இல்லை. தையற்காரன் வாயில் 'புதன்கிழமை வாங்கோ' என்று வருகிற மாதிரி தானாக வந்துவிட்டது. வந்த பிறகு திருத்தியிருக்கலாம். நான் திருத்தவில்லை.

என் பெயர் சிவராமகிருஷ்ணன். வயது அறுபத்தாறு. கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனை ரோட்டிலிருந்து திரும்பும் ஒரு சந்தில், சுக்குக் கிடங்குக்கு மேலே உள்ள மாடி எனக்கு வீடு. கல்யாணம் ஆகவில்லை. மூன்று இடத்தில் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் நான் வாயைத் திறந்தேன், காரியம் முடிந்தது. காலமாகிவிட்ட தங்கையின் பையன் அபிராம் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணி, சாப்பிட்டாச்சா, மருந்து எடுத்தாச்சா, மழையா என்று மூன்று கேள்வி கேட்பான். வாரத்தின் மற்ற நாட்களில் என் பேச்செல்லாம் கீழே சாயாக்கடை சேவியரோடுதான். அதுவும் ஒரே வார்த்தை: 'வித்தவுட்'. சர்க்கரை போடாத சாயாவுக்கு இங்கே அதுதான் பெயர். சேவியரும் அந்த ஒரு வார்த்தையோடு திருப்தியாக இருந்தான்.

காசு சேர்க்கும் பைத்தியம் எனக்கு முப்பது வருஷமாக உண்டு. ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்களின் பழைய காசுகளைச் சுத்தம் செய்துகொடுப்பது என் பொழுதுபோக்கு. பணம் வாங்குவதில்லை. வாங்கினால் வருகிறவனைத் திட்ட முடியாது.

முறை ஒன்றும் பெரிய வித்தை அல்ல. கலப்பில்லாத அசிட்டோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்க விற்கிறார்களே, அந்தத் திரவம் ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், பழைய அழுக்கை எடுத்துவிட்டுப் புது அழுக்கைப் பூசிவிடும். மூடியுள்ள கண்ணாடிக் கிண்ணம் மூன்று. பிளாஸ்டிக் கூடவே கூடாது, அசிட்டோன் அதையே கரைத்துவிடும். ஜன்னலும் வாசல் கதவும் திறந்திருக்க வேண்டும். நெருப்பு கிட்டத்தில் வரக் கூடாது, ஊதுவத்தி உட்பட. மூங்கில் இடுக்கியால் காசின் விளிம்பைப் பிடித்து முதல் கிண்ணத்தில் ஊறப்போட்டு, பிறகு இரண்டாவதில், பிறகு மூன்றாவதில் அலச வேண்டும். தேய்க்கக் கூடாது, துடைக்கக் கூடாது. வெள்ளைத் தாளில் வைத்தால் தானே காய்ந்துவிடும். எண்ணெய், பசை, பிளாஸ்டிக் கசிவு இவற்றை மட்டும்தான் அசிட்டோன் எடுக்கும். உலோகத்தின் மேல் வருஷக்கணக்காகப் படிந்த நிறத்தை அது தொடாது, தொடவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காசின் முகத்தில் விரல் படக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெயும் வியர்வையும் கொச்சியின் ஈரக் காற்றோடு சேர்ந்தால் நாளடைவில் ரேகை உலோகத்திலேயே பதிந்துவிடும். முப்பது வருஷமாக நான் ஒரு காசின் முகத்தைத் தொட்டதில்லை.

நம் ஆட்களுக்கு இது புரிவதே இல்லை. பளபளவென்றிருந்தால்தான் சுத்தம் என்று பிறந்ததிலிருந்து குத்துவிளக்கைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். யூதத் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒச்சப்பன், ஒரு விஷுவுக்கு முன்னால், கம்பெனிக் காலத்துச் செப்புக் காசு ஒன்றைப் புளி போட்டு விளக்கி எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை. இருநூறு வருஷத்தைப் பத்து பைசாப் புளியில் கழுவிவிட்டீர், இனி இதைக் கணியில் வைத்துக் கும்பிடத்தான் லாயக்கு என்று சொல்லி வாசலைக் காட்டினேன். அதற்குப் பிறகும் ஒச்சப்பன்தான் கமலாக்ஷி மாமியை என்னிடம் அனுப்பினார். பெரிய மனசுதான்.

மாமி வந்தது போன வருஷம் ஜூலையில், ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு. மழைக்கோட்டு போட்ட ஆட்டோவிலிருந்து இறங்கி, மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, துணிப்பையிலிருந்து ஒரு ஆல்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அறுபது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும். வீடு சுள்ளிக்கலில். கணவர் வெங்கிடாசலம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், காலமாகி இரண்டு வருஷம். வெல்லிங்டன் தீவில் வந்து நிற்கும் கப்பல்களின் மாலுமிகளிடம் கேட்டு வாங்கிச் சேர்த்த காசுகள், மொத்தம் நாற்பத்திரண்டு.

ஆல்பத்தைத் திறந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மலிவான பிளாஸ்டிக் பை. வெயிலும் ஈரமும் பட்டு அது கசிந்து, காசுகளின் மேல் பச்சைப் பசையாகப் பிடித்திருந்தது. காசுகள் ஒன்றும் விலை போகிறவை அல்ல. கிரேக்கம், போலந்து, கிழக்கு ஆப்பிரிக்கா என்று எந்த மாலுமியின் சட்டைப்பையிலும் மிச்சமிருக்கும் சில்லறை. அதை நான் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட சில தருணங்களில் அது ஒன்று.

மாமி தன் கணவரைப் பற்றிச் சொன்னாள். ராத்திரி சாப்பிட்டதும் ஆல்பத்தை விரித்துவைத்துக்கொண்டு, இது எந்தக் கப்பல், எந்த மாலுமி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வாராம். பாதி கட்டுக்கதை என்று தெரியுமாம், ஆனாலும் கேட்பாளாம். அரை மணி நேரம் பேசினாள். என் வீட்டில் அரை மணி நேரம் ஒரு மனுஷக் குரல் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது என்று அவள் போன பிறகுதான் யோசித்தேன்.

பேசி முடித்ததும் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். அப்போதுதான் அந்த ஒரு வாரம் என் வாயிலிருந்து வந்தது. அதோடு நிற்கவில்லை. வெவ்வேறு நாட்டுக் காசை ஒன்றாக ஊறப்போடக் கூடாது, ஒவ்வொன்றாகத்தான் கொண்டுவர வேண்டும் என்று இன்னொரு பொய்யையும் சேர்த்தேன். ஒன்று மட்டும் யோக்கியமாகச் செய்தேன். பசை மற்றக் காசுகளை மேலும் தின்றுவிடக் கூடாதே என்று, எல்லாவற்றையும் அப்போதே ஆல்பத்திலிருந்து எடுத்துத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்து அனுப்பினேன். ஒரு காசை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன் வந்தாள். அந்தக் காசை வாங்கிக்கொண்டு இன்னொன்றைத் தந்தாள். அதற்கடுத்த வியாழனும் வந்தாள். அன்றைக்கு ஒரு சின்ன சம்பவம். மாமி போனதும் நான் உடனே காசை ஊறப்போட்டு, அலசி, தாளில் காயவைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் மாமி நிற்கிறாள். குடையை மறந்துவிட்டாளாம். நான் மேஜையை மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம் வியாழன் என்பது வியாழனாகவே நிலைத்துவிட்டது. நான் பணம் வாங்காததால் மாமி ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஏதாவது கொண்டுவருவாள். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தாளித்தது, மோர்க்குழம்பு, ஒரு முறை பலாப்பழத்தில் கிளறிய சக்கைவரட்டி. நம் வீடுகளில் டப்பாவை வெறுமையாகத் திருப்பிக்கொடுக்கும் வழக்கமில்லையே, அதனால் நான் அடியில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுப்பேன். சர்க்கரை வியாதிக்காரனான என் வீட்டில் அந்த டப்பாவுக்காகவே ஒரு கிலோ சர்க்கரை வாங்கிவைத்திருந்தேன்.

ஆறு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுவாள், விளக்கு வைக்க வேண்டும் என்று. என் வீட்டில் விளக்கே எரிவதில்லை என்பதைக் கவனித்துக் கேட்டாள். அசிட்டோன் ஆவி நெருப்பை எங்கிருந்தாலும் தேடிப் பிடிக்கும், ஆபத்து என்று விளக்கினேன். லேபில் பாடம் எடுப்பது போல நீட்டி முழக்கித்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ஐந்தரைக்கு எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு, காற்று போன பிறகு உள்ளறையில் ஏற்றினால் போயிற்று, அதற்கு இவ்வளவு ரசாயனம் எதற்கு என்றாள். அந்த வாரத்திலிருந்து ஏற்றினேன்.

மாமிக்கு ஒரே பையன், சங்கர்ராம், ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்று ஒரு வருஷமாகக் கூப்பிடுகிறானாம். ஒரு முறை போய் இரண்டு மாதம் இருந்து பார்த்திருக்கிறாள். பத்தொன்பதாவது மாடி. ஜன்னல் திறக்காது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு கண்ணாடி வழியாகக் கீழே போகும் கார்களைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம், ஹார்ன் சத்தம்கூட மேலே வராதாம். அதனால் பையனிடம் ஒரு சாக்கு சொல்லியிருந்தாள். அப்பாவின் காசெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது, ஒருத்தர் ஒவ்வொன்றாகச் சுத்தம் பண்ணுகிறார், அந்த வேலை முடியட்டும், முடிந்ததும் வருகிறேன்.

அதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. நாற்பத்திரண்டில் பதினைந்து முடிந்திருந்தது.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு அட்டை எழுதிவைப்பது என் வழக்கம். நாடு, வருஷம், எங்கே கீறல், எங்கே நசுங்கல், என்ன அழுக்கு, என்ன தேதி. லேப் புத்தி. மாமி அதைப் பார்த்து, வெங்கிடாசலம் இருந்திருந்தால் அட்டையில் கப்பலின் பெயரையும் எழுதச் சொல்லியிருப்பார் என்றாள். கப்பல் எனக்கு எதற்கு என்று சொன்னேன். அவள் போனதும் எழுதிச் சேர்த்தேன்.

ஏப்ரல் முடிவில் நாற்பத்திரண்டாவது காசு வந்தது. ஏதோ ஒரு கிரேக்க அரசன். மழை சீக்கிரம் வருமா என்று பேசினோம். அந்த வாரம் முழுக்க அந்த அரசன் காகித உறைக்குள் சுத்தமாகக் கிடந்தான். நான் தினமும் அவனைப் பார்த்தேன். வியாழன் வந்து மாமி அதை வாங்கிக்கொண்டு போனால் அத்தோடு சரி. எனக்கு அறுபத்தாறு வயதில் பயமாக இருந்தது.

வியாழன் வந்தது. மாமியும் வந்தாள். கிரேக்க அரசனை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டு, அலமாரி இடுக்கில் இன்னொன்று கிடந்தது என்று சொல்லி ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜையில் வைத்தாள். எனக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. அந்த நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டு, சரி, வைத்துவிட்டுப் போங்கோ, ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பொட்டலத்தைப் பிரித்தேன். கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங், 1948. மலைக்கு முன்னால் ஒரு சிங்கம் நிற்கும். அதன் மேல் அழுக்கு. ஆனால் நான் இதுவரை பார்த்த பச்சை அல்ல, வேறு ஏதோ மங்கலான பிசுக்கு. என்ன அழுக்கு என்று தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மாமி எதிரில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே மறந்துபோய், இடுக்கியால் எடுத்து முதல் கிண்ணத்தில் போட்டேன். அசிட்டோன் மெல்ல மஞ்சளாயிற்று. பளிச்சென்ற மஞ்சள். நாற்பத்திரண்டு காசில் ஒன்றுகூட மஞ்சள் விட்டதில்லை. எடுத்து இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் அலசி, தாளில் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், சிங்கத்தின் வால் நுனியில் ஒரு நசுங்கல்.

எனக்கு அந்த நசுங்கலைத் தெரியும். பெட்டியிலிருந்து அட்டைகளை எடுத்துத் தள்ளினேன். ஒன்பதாவது அட்டை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் எனக்குக் குரலே மாறிவிட்டது.

"மாமி, இது ஒன்பதாம் நம்பராக்கும். செப்டம்பர்லயே சுத்தம் பண்ணிக் கொடுத்தாச்சு. இதுல மஞ்சப்பொடியும் வெளிச்செண்ணெயும் கலந்து யாரோ தடவியிருக்கா. யாரு?"

"நான்தான்" என்றாள் மாமி.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். எனக்கு ஒச்சப்பனின் புளி ஞாபகம் வந்துவிட்டது. சுத்தம் செய்த காசை வேண்டுமென்றே பாழாக்குகிறவர்களைப் பற்றி, வெளிச்செண்ணெய் என்கிற தேங்காய் எண்ணெயைப் பற்றி, விரல் எண்ணெயைப் பற்றி, ஈரக் காற்றைப் பற்றி, அடுத்தவன் செய்த வேலைக்கு ஒரு மதிப்பு வேண்டாமா என்பதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். எனக்கு ஷார்ஜா நினைவில் இல்லை. வியாழக்கிழமை நினைவில் இல்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்த மஞ்சள் கறை மட்டும்தான் இருந்தது. நாற்பத்திரண்டோடு வேலை முடிந்துவிட்டது, இனி ஒன்றும் பாக்கியில்லை என்று அட்டைப் பெட்டியைத் தட்டிக் காட்டினேன்.

மாமி முழுக்கக் கேட்டாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு காசுக்குப் பத்து நிமிஷம் போறும்னு எனக்கு மூணாவது வாரமே தெரியும், சார்" என்றாள். "குடைய மறந்து திரும்பி வந்தேனே, அன்னிக்கு அந்தக் காசு தாள்ல காஞ்சிண்டிருந்தது. நான் கேட்டேனா? பையன் நேத்திக்கும் போன் பண்ணினான். இன்னும் ஒண்ணு பாக்கி உண்டுன்னு சொன்னேன்."

விளக்கு வைக்கிற நேரமாச்சு என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள். மணி ஐந்துகூட ஆகவில்லை. ஷில்லிங் தாளில் கிடந்தது. டப்பா மேஜையில் இருந்தது. திறந்து பார்த்தேன், புளியிஞ்சி. என் வீட்டுக்கு வந்து பத்து மாதமாக என் பொய்யைக் கேட்டுக்கொண்டு, அதை என் முகத்துக்கு நேரே ஒரு முறைகூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அவள் சொன்ன ஒரே ஒரு பொய்யை நான் பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டேன்.

அடுத்த வியாழன் நாலு மணிக்குக் கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. போன் நம்பர் இருந்தது. எடுத்து என்ன பேசுவது? மன்னிப்புக் கேட்க எனக்கு வராது; கேட்டதில்லை. கீழே கிடங்கில் மூட்டை இறக்குகிற நாளில் மட்டும் வீட்டுக்குள் மனுஷச் சத்தம் வரும். மற்ற நாளில் நான் இடுக்கியைக் கிண்ணத்தின் மேல் வைக்கிற சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. சுத்தம் செய்வதற்கும் ஒன்றுமில்லை. என்னிடம் இருந்ததெல்லாம் ஏற்கெனவே சுத்தம். மூடி சரியாக இறுகாத குப்பியில் அசிட்டோன் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. விளக்கு ஏற்றுவதை விட்டுவிட்டேன்.

சேவியர் ஒரு நாள் தானாகவே, மாமியைக் காணோமே என்று கேட்டான். அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வேலை முடிந்துவிட்டது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அபிராமும் மூன்று கேள்வி கேட்டான், சாப்பிட்டேன், எடுத்தேன், மழைதான் என்று சொன்னேன். அவன் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கிறேன் என்பது எனக்குப் புதிதல்ல, முப்பது வருஷமாகத் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் வியாழக்கிழமை நாலு மணி என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு தனியாக இருப்பது வேறு மாதிரி இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வலித்தது.

நாலு வியாழன் இப்படிப் போயிற்று. ஐந்தாவது வியாழன் காலையில் அடுக்களையில் சர்க்கரை டின்னைத் திறந்தேன். எறும்பு. அதற்குப் பக்கத்தில் மாமியின் டப்பா, கழுவிக் கவிழ்த்தபடி. அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டிருப்பது என்ன மரியாதை என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டுவதற்கு ஆள் கிடைத்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. புது சர்க்கரை வாங்கிவந்து டப்பாவில் போட்டேன். நாலு ஸ்பூன் இல்லை, நிறைய.

பிறகு ஷில்லிங்கை எடுத்தேன். டப்பாவைக் கொடுக்கப் போகிறவன் காசையும் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். சுத்தமான காசைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது, கதவைச் சாத்திக்கொள்ளலாம். நான் மேஜையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்தச் சிங்கத்தைப் பார்த்தேன். அப்புறம் எழுந்துபோய், அடுக்களையில் இருந்த வெளிச்செண்ணெயில் வலது கட்டைவிரலை முக்கினேன். மஞ்சள்பொடி டப்பாவில் அதே விரலை ஒற்றினேன். காசை விளிம்பில் பிடித்துக்கொண்டு, சிங்கத்தின் முகத்திலேயே அழுத்தினேன். ஒரு தரம் போதாதென்று திருப்பி மறுபக்கத்திலும் அழுத்தினேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

நாலு மணிக்கு மழையில் குடை பிடித்துக்கொண்டு சுள்ளிக்கலுக்கு நடந்தேன். ஆட்டோவில் போனால் சீக்கிரம் போய்விடுவேன், அவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர எனக்குத் தைரியம் இல்லை. வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு இடத்தில் வழி கேட்டேன். பத்து மாதம் வாரம் தவறாமல் அவள் வந்திருக்கிறாள், நான் ஒரு முறைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை.

மாமிதான் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், ஒரு பெரிய பெட்டி வாயைத் திறந்தபடி கிடந்தது. பாதி புடவைகள் அதற்குள் இருந்தன. நான் டப்பாவை நீட்டினேன். வாங்கி, திறந்து, நிறைந்திருந்த சர்க்கரையைப் பார்த்துவிட்டு மூடினாள். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

காகித உறையை எடுத்து நீட்டினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன.

"அழுக்கு இன்னும் போகல மாமி" என்றேன்.

மாமி உறையிலிருந்து காசை எடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரி விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். சிங்கத்தின் முகத்தில் மஞ்சளாக, முழுசாக, ஒரு ரேகை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இதுல விரல வெச்சது யாரு?" என்றாள்.

"நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பையன் டிக்கெட் எடுத்துவிட்டான் என்றாள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி. வீட்டுக்கும் ஆள் பார்த்தாகிவிட்டது. போன மாதம் அவன் கேட்டபோது, வேலை முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாளாம். நான்தான் முடிந்துவிட்டது என்று பெட்டியைத் தட்டிக் காட்டினேனே. அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வியாழக்கிழமைத் தேதிகளை நான் மனசுக்குள் எண்ணினேன். பதினெட்டு, இருபத்தைந்து, இரண்டு. நான் வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாலு வியாழன். மிச்சம் இருப்பது மூன்று.

மாமி காசைத் திரும்ப உறைக்குள் போட்டு என் கையில் வைத்தாள்.

"மூணு வியாழக்கிழமை உண்டு" என்றாள். "இந்த அழுக்குக்கு மூணு வாரம் போறுமா, சார்?"

"போறாது" என்றேன்.